ஆமினாவின் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம்

டீயில் சர்க்கரை வேண்டாம் சார். மூன்று வருடமாக எனக்குச் சர்க்கரை வியாதி. யோசித்துப் பார்த்தால் எல்லாமே அதில்தான் ஆரம்பித்தது.

நீங்கள் தமிழ் ஆளாக வந்தது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. என்னுடைய இந்தி குடை விற்கப் போதும், சைக்கிளை விளக்கப் போதாது. அவரும் அதிகம் கேட்கவில்லை. இறக்கத்தில் வேகமாக வந்து விழுந்தான் என்று எழுதி, மடித்து வைத்துவிட்டார்.

நேற்று என் மனைவி ஆமினா எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்துக் காட்டினீர்கள். தன் தம்பி முபாரக் செத்ததற்குத் தான்தான் காரணம், அவனுடைய சைக்கிள் பிரேக்கில் எண்ணெய் தடவியது தன் கைதான், தன்னைத் தண்டிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். எழுத்து நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. ஐந்தாவது வரி மட்டும் தவறு. 'எங்கள் வீட்டில் சைக்கிளைப் பற்றி விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை, என் கணவருக்கும் தெரியாது' என்று போட்டிருக்கிறாள். அந்த வரியை அடிக்க வேண்டும். அதற்காகத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

அபர்டீன் பஜாரில் நாகூர் கனி குடைக்கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். குடை, ரெயின்கோட், பிளாஸ்டிக் பாய். வருடத்தில் எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் நஷ்டம் வராத வியாபாரம்தான், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். டாக்டர் நடக்கச் சொன்னார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள் என்றார். கியர் வைத்த புதுச் சைக்கிள் என் கைக்கு எட்டாது என்று விசாரித்த அன்றே தெரிந்துவிட்டது. சரி, துண்டு துண்டாகச் சேர்த்து நானே ஒன்றைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஃபிரேம் நடு அந்தமானில், ரங்கத் என்ற ஊரில் கிடைத்தது. சொர்ணம்மா என்று ஒரு அம்மாள், கோழிக்கூண்டின் தகரம் காற்றில் பறக்காமலிருக்க அதை மேலே போட்டு வைத்திருந்தார். இரண்டு குடையும் ஒரு ரெயின்கோட்டும் கொடுத்து வாங்கினேன். பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "பாய், யே சைக்கிள் ஹை யா லோஹா?" என்றார். சைக்கிளா வெறும் இரும்பா என்று கேட்கிறார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டே போர்ட் பிளேர் வரைக்கும் வந்தேன்.

சக்கரங்கள் ஒரு ரிசார்ட்டில் கழித்துப் போட்டவை. உப்புக்காற்றில் கம்பிகள் பாதி அரித்திருந்தன, ஒவ்வொன்றாக மாற்றினேன். சீட்டுக் கம்பி ஃபிரேமுக்குள் துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. ஒன்பது நாள் மண்ணெண்ணெய் ஊற்றி, பத்தாம் நாள் கழற்றினேன். மற்ற சாமான்களை இணையத்தில் வாங்கலாம் என்றால், 744 என்று பின்கோடு தட்டின உடனே உங்கள் பகுதிக்கு அனுப்புவதில்லை என்று வந்துவிடும். இந்தியாவின் வரைபடத்தில் நாம் இருக்கிறோம், கடைக்காரர்களின் வரைபடத்தில் இல்லை. ஒரே ஒரு கம்பெனி சங்கிலி அனுப்பச் சம்மதித்தது. கப்பல் தாமதமாகி இரண்டு மாதம் கழித்து வந்தது, வரும்போதே துருவோடு வந்தது. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து அந்தச் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழுகை வந்தது. ஒரு குடைக்கடைக்காரன் சங்கிலிக்காக அழுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

மொத்தம் பதினான்கு மாதம். அந்தச் சைக்கிளில் என் கை படாத ஒரு திருகாணி கிடையாது.

முபாரக் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். இருபத்தொன்பது வயது. தனியார் படகு கம்பெனியில் டிக்கெட் வேலை, மாதம் ஒரு தடவையாவது சென்னைக்குப் போய் வருவான். மெயின்லேண்ட் போகிறவர் கையில் சீட்டு எழுதிக் கொடுப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்கு மிக்ஸி ஜார், ஒருவருக்கு மகளுடைய கல்யாணச் சேலை. போகிறவர் முணுமுணுப்பார், ஆனால் வாங்கி வருவார். நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு சாமான். பின் சக்கரத்தில் போடும் கியர் பல்சக்கரம். அதில் இரண்டு வகை உண்டு, திருகிப் போடுவது, சொருகிப் போடுவது. என் சக்கரத்துக்குத் திருகிப் போடுவதுதான் பொருந்தும். படமும் வரைந்து கொடுத்தேன்.

முதல் தடவை மறந்துவிட்டான். இரண்டாம் தடவை சீட்டைச் சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டான். மூன்றாம் தடவை ஞாபகத்தில் இருந்ததை வைத்து வாங்கி வந்தான், சொருகிப் போடும் வகையை.

"ரெண்டும் பல்சக்கரம்தானே மச்சான்?" என்றான்.

திரும்பவும் படம் வரைந்து கொடுத்தேன். நான்காம் தடவை அவன் விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். என் சாமானைப் பற்றிக் கேட்டேன்.

"அரே, மறந்தே போச்சு மச்சான். இதைப் பாருங்க மொதல்ல. உங்களப் பாத்துப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு."

பெட்டிக்குள் புதுச் சைக்கிள். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், நடுவில் இருக்கிற வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற வகை. அவன் ஒரு மாலையில் அதை மாட்டி முடித்துவிட்டான். மாட்ட என்ன இருக்கிறது, ஹேண்டிலும் பெடலும்தான். என் சைக்கிளைச் சுற்றி வந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்து, "இந்தக் காலத்துல யாரு மச்சான் ரப்பர் பிரேக் போடுறா?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேலி செய்யத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

காலி அட்டைப்பெட்டியைத் தெருவில் போட்டான். நல்ல அட்டை, கடையில் உதவும் என்று நான் எடுத்து மடித்து வைத்தேன். அதற்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. இதோ, கொண்டு வந்திருக்கிறேன். பதினோராம் பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய்க் குப்பி, அதிலிருந்து பிரேக் தகட்டின் மேல் விழும் ஒரு சொட்டு, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் புரியும். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருப்பது நான்தான். முபாரக் அதைத் திறக்கவே இல்லை.

விஜயன் என்று ஒரு மலையாளி, அரசாங்க வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் போவார். என்னையும் சேர்த்திருந்தார். என்னுடைய இலக்கு ஒன்றே ஒன்றுதான். சிடியாட்டப்பு போகிற வழியில் கடைசியாக ஒரு மேடு வரும். அதில் இறங்காமல் ஏறிவிட வேண்டும். முதல் மூன்று தடவையும் கியர் இல்லாத ஒற்றைப் பல்சக்கரத்தோடு போய், பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு திக்லிபூரில் ஒரு கடையில் எனக்கு வேண்டிய பல்சக்கரம் பழையதாகக் கிடைத்தது. போய் வர இரண்டு நாள். அதைப் போட்டுக்கொண்டு பிப்ரவரியில் நான்காம் தடவை போனேன்.

அன்றைக்கு ஏறிக்கொண்டிருந்தேன் சார். மெதுவாகத்தான், ஆனால் ஏறிக்கொண்டிருந்தேன். எல்லோரும் மேலே போய் நின்றிருந்தார்கள். இன்னும் நாற்பது அடிதான் பாக்கி. அப்போது முபாரக் மேலிருந்து திரும்பி வந்து, என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினான்.

"விடு முபாரக்."

"சும்மா மிதிங்க மச்சான், நான் இருக்கேன்ல."

மேலே போய்ச் சேர்ந்ததும் கை தட்டினார்கள். 'ஷாபாஷ் முபாரக்' என்றார்கள். யாரோ போட்டோ எடுத்திருந்தார்கள். அதில் அவன் சிரிக்கிறான், அவன் கை என் முதுகில் இருக்கிறது, என் வாய் திறந்திருக்கிறது. ஆமினா அதைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன் அடிக்கிற போதெல்லாம் நான் வாயைத் திறந்துகொண்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அவனிடம் சொன்னேன், நீ தள்ளாமலேயே நான் ஏறியிருப்பேன் என்று. "தெரியும் மச்சான், ஏறியிருப்பீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒத்துக்கொள்கிறவனிடம் என்ன சண்டை போடுவது? பதினான்கு மாதத்தை ஒரு உள்ளங்கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவனுக்கு அது தெரியவும் இல்லை. எனக்கு அப்போது கோபம் என்று சொல்ல மாட்டேன். இரவில் தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. சர்க்கரை மட்டும் ஏறியிருந்தது.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். மழை பிடிப்பதற்கு முன்னால் வீட்டில் உள்ள இரும்புக்கெல்லாம் எண்ணெய் பூசி வைப்பது எங்கள் வீட்டில் என் வாப்பா காலத்திலிருந்து நடக்கிறது. கேட், பூட்டு, கீல், தையல் மெஷின், மீன்வெட்டும் அரிவாள்மனை. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயில் கலந்து துணியில் தொட்டுத் துடைப்பது. இல்லாவிட்டால் ஜூன் மாதம் கேட் திறக்காது. ஆமினாதான் செய்வாள், சுத்தமாகச் செய்வாள். என் சைக்கிளையும் முந்தின வருடம் அவள்தான் துடைத்தாள். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, பட்டால் பிரேக் கட்டை வழுக்கும் என்று அப்போதே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் அதை மறக்கவில்லை.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. முபாரக் வேலைக்குப் போயிருந்தான். கேட்டை முடித்துவிட்டு, என் சைக்கிளை முடித்துவிட்டு, அவனுடைய சைக்கிளுக்கு வந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, உங்க சைக்கிள்ல ரிம்முல படக் கூடாதும்பீங்களே. இவன் சைக்கிள்ல நடுவுல ஒரு வட்டத் தகடு இருக்கு. இதுல தடவலாமா?"

"அது வேற மாதிரி," என்றேன். "அதுதான் முதல்ல துருப்பிடிக்கும். நல்லாத் தடவு. ரெண்டு பக்கமும்."

தடவினாள். முன் சக்கரத்துத் தகட்டில் ஒரு இடம் விட்டுப் போயிருந்தது. அதையும் காட்டிக் கொடுத்தேன்.

அவள் இந்தப் பேச்சைக் காகிதத்தில் எழுதவில்லை, 'நானாகத்தான் தடவினேன்' என்று எழுதியிருக்கிறாள். மறந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, நான் வரவில்லை என்று சொன்னேன். முபாரக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், என் சைக்கிள் அருகே நின்று பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"காத்துக் கம்மியா இருக்கு மச்சான். சாயந்தரம் நீங்க எங்கயாச்சும் எடுத்துட்டுப் போனா ரிம் அடி வாங்கும்."

பம்பை எடுத்து வந்து அடித்துக் கொடுத்தான். அந்த நேரத்தில் சொல்லலாமா என்று தோன்றியது உண்மை. ஆனால் அவன் டயரை அமுக்கிப் பார்த்த விதம், ஏதோ எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

"போயிட்டு வரேன் லாத்தா," என்று உள்ளே பார்த்து அக்காளிடம் சொன்னான். எனக்கு சலாம் சொன்னான், நானும் பதில் சலாம் சொன்னேன்.

எங்கள் வாசலில் ஆரம்பித்துச் சாலை ஏறிக்கொண்டேதான் போகும். மேட்டின் உச்சி வரைக்கும் பிரேக் தேவையே இல்லை. அதற்கு அந்தப் பக்கம் நேராக இறக்கம், இறக்கத்தின் அடியில் வளைவு, வளைவில் கடலோரத் தடுப்புச் சுவர். அந்த வழியில் தினமும் போகிறவன் நான். பிரேக்கில் முதன்முதலாக விரல் வைக்கிற இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இறக்கத்தில் பாதிக்கு மேல்தான். அதற்குள் வேகம் ஏறியிருக்கும்.

அந்தச் சுவரில் மோதிய பிறகு அவன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தான். இரண்டாம் நாள் கண் விழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "பிரேக் புடிக்கல மச்சான்," என்றான். "தெரியும், தூங்கு," என்றேன். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தது. பெண்ணின் பெயர் தஸ்லிமா. பத்திரிகை அடித்து வந்துவிட்டிருந்தது.

விஜயன் கெட்டிக்காரர். அன்று காலையில் ரோட்டில் கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தியபோதே தகட்டைத் தொட்டு மோந்து பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்து, "பாய், தேங்காய் எண்ணெய். வீட்டில யாரோ தெரியாம பூசியிருக்காங்க. லேடீஸ்னா சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஆமினாவிடம் சொன்னேன். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு சொன்னேன். அவள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள், எப்படி விழுந்தான், அவ்வளவு நன்றாக ஓட்டுகிறவன் எப்படி விழுந்தான் என்று. கேட்கிறவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சரியில்லை. எண்ணெய் பட்டால் அந்தப் பிரேக் பிடிக்காதாம், தெரியாமல் நடந்தது, உன் மேல் தப்பில்லை என்றேன். அன்றிலிருந்து அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. சமையலில் தேங்காய் எண்ணெய் வாடை வந்தால் எழுந்து போய்விடுவாள். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள், தோல் உரிந்துவிட்டது. அந்தப் போட்டோவையும் எடுத்துவிட்டாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானாக எதற்கு அதைக் கிளறுவது என்று இருந்துவிட்டேன்.

நேற்று நீங்கள் படித்துக் காட்டியிருக்காவிட்டால் இப்போதும் வந்திருக்க மாட்டேன். தன் மேல் பழி போட்டுக்கொள்கிறாள், அது அவளுடைய மனசு, நான் தடுக்கவில்லை. ஆனால் என் கணவருக்கும் தெரியாது என்கிறாள். பழைய இரும்பைப் பொறுக்கி ஏதோ செய்துகொண்டிருப்பார் என்று கூடவே ஒரு வரி. அரசாங்கக் காகிதத்தில், என் பெயர் போட்டு. இந்தப் போர்ட் பிளேரில் ஒரு சக்கரத்தைக் கம்பி கம்பியாகப் பிரித்துத் திரும்பக் கோத்து, கோணாமல் சுற்ற வைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று விஜயனைக் கேளுங்கள். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவனா நான்? தெரியும் சார். தெரிந்துதான் தடவச் சொன்னேன். எந்த இடத்தில் பிரேக் கிடைக்காமல் போகும் என்பதும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

முதுகில் கை வைத்ததற்காகவா என்று கேட்கிறீர்கள். நாற்பது அடி சார். நான் ஏறியிருப்பேன்.

போவதற்கு முன்னால் ஒன்று. உள்ளே வைத்துக்கொள்வதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பத்து நிமிஷம் கொடுங்கள். வரும்போது பார்த்தேன், முபாரக்கின் சைக்கிளைப் பின் முற்றத்தில் வேலியோடு சாய்த்து வைத்திருக்கிறீர்கள். நாலு மாத மழை அதன் மேல்தான் பெய்திருக்கிறது. சங்கிலி சிவந்துவிட்டது, ஃபிரேமும் இனி மழை தாங்காது. நல்ல சைக்கிள், வீணாகக் கூடாது. ஒரு துணியும் கொஞ்சம் எண்ணெயும் கொடுக்கச் சொல்லுங்கள், நானே துடைத்து வைத்துவிடுகிறேன். தகட்டில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் துடைக்க எனக்குத் தெரியும்.